மருந்துக்கடை பாய்மார்களே, பதில் சொல்லுங்கள்!



இந்த இதழுக்கு வேறொரு விஷயம் எழுதுவதாக ஆசிரியரிடம் ஒப்புக்கொண்டிருந்தேன். அதைத் தள்ளி வைத்துவிட்டேன். சென்ற மாதம் நாங்கள் சுமந்து சென்ற ஒரு ஜனாஸா வேறு எதையும் எழுத விடவில்லை.

அந்தப் பிள்ளைக்கு வயது 23. தென்மாவட்டத்திலிருந்து பிழைப்புக்காக சென்னை வந்தவன். மண்ணடிப் பக்கம் ஒரு கடையில் சேல்ஸ்மேன். தங்கியது பத்துக்குப் பன்னிரண்டு அறையில், எட்டுப் பேரோடு. ஒரே ஒரு ஜன்னல். அதுவும் கொசுவுக்குப் பயந்து சாத்தியே கிடக்கும். காலை ஒன்பது மணிக்குக் கடை திறந்தால் இரவு பத்து மணிக்கு அடைப்பு. இந்த வாழ்க்கையை உங்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. உங்களில் பாதிப் பேர் அப்படித்தான் வியாபாரம் படித்தீர்கள்.

அவனுக்கு இருமல் வந்தது. டாக்டரைப் பார்க்க வேண்டுமானால் அரை நாள் லீவு போட வேண்டும், அரை நாள் கூலி போகும். ஆகவே தெருமுனை மெடிக்கலுக்குப் போனான். ஒரு சிரப் பாட்டிலும் ஐந்து நாளைக்கு ஆன்டிபயாடிக்கும் கிடைத்தன. கொஞ்சம் குறைந்தது. பத்து நாளில் மறுபடி வந்தது. மறுபடி அதே கடை. வேறு சிரப், வேறு மாத்திரை. மூன்றாவது தடவை போனபோது ஸ்டீராய்டு மாத்திரையும் சேர்ந்தது. நாலு நாள் நன்றாகச் சாப்பிட்டான், சிரித்துப் பேசினான். "சரியாயிடுச்சு ஹஜ்ரத்" என்றான். இப்படியே இரண்டு மாதங்களுக்கு மேல் ஓடிவிட்டன. பிறகு ஒரு நாள் ஃபஜ்ருக்கு ஒளு செய்யும்போது இரத்தமாகத் துப்பினான்.

அரசு ஆஸ்பத்திரியில் சளியைக் கொடுத்த அன்று மாலைக்குள் முடிவு வந்துவிட்டது. காசநோய். எடை 38 கிலோ. மாத்திரை ஆரம்பித்தார்கள். ஒன்பதாம் நாள் மவ்த்தானான்.

அந்த மெடிக்கல் கடைக்காரர் நம்மவர்தான். ஜனாஸா தொழுகையில் முதல் வரிசையில் நின்றார். அழுதார். உண்மையாகவே அழுதார். கெட்ட மனிதர் அல்ல. பள்ளிவாசலுக்கு ஃபேன் வாங்கித் தந்தவர், ஏழைகளிடம் பாதி விலைக்கு மருந்து கொடுப்பவர். அவர் பெயரை எழுத மாட்டேன். அவரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன் என்றால் இந்தக் கட்டுரையே அநியாயம். ஏனெனில் அந்த இரண்டாவது பாட்டிலை வாங்கி வந்து அவன் கையில் கொடுத்தவன் நான். "இதைக் குடிடா, நெஞ்சு லேசாகும்" என்று சொன்னதும் நான்தான். கேள்வி கேட்கும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள். ஆனால் நானும் கேட்பேன்.

இந்த நோயின் கிருமியை ராபர்ட் கோச் என்ற ஜெர்மன் மருத்துவர் அறிவித்தது 1882 மார்ச் 24-ல். மருந்து கண்டுபிடித்தும் எழுபது, எண்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. ஒழுங்காக ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டால் குணமாகிற நோய். மாத்திரை அரசாங்கத்தில் இலவசம், பரிசோதனையும் இலவசம். இத்தனையும் இருந்தும் உலகத்துக் காசநோயாளிகளில் நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். 2025-க்குள் ஒழித்துவிடுவோம் என்று 2018-ல் டெல்லியில் முழங்கினார்கள். 2025 வந்தது, போனது. நோய் போகவில்லை.

ஏன்? மருந்து இல்லாததால் அல்ல சகோதரர்களே! மருந்துக்கும் மனிதனுக்கும் நடுவே நிற்கிற இரண்டு பேரை நாம் சரியாக நடத்தாததால். ஒருவர் மருந்துக்கடைக்காரர். இன்னொருவர் வாசலில் வந்து நிற்கும் சுகாதாரப் பணியாளர் அம்மா. முதலாமவரிடம் நாம் கணக்குக் கேட்பதே இல்லை. இரண்டாமவரை வாசலோடு விரட்டுகிறோம்.

கவுண்டருக்குப் பின்னால்

2014, 2015 ஆண்டுகளில் டெல்லி, மும்பை, பாட்னா ஆகிய மூன்று நகரங்களில் ஆய்வாளர்கள் ஒரு வேலை செய்தார்கள். நடிக்கப் பயிற்சி பெற்ற ஆட்களை நோயாளிகள் போல 622 மருந்துக்கடைகளுக்கு அனுப்பினார்கள். ஒருவர் போய், "இரண்டு மூன்று வாரமாக இருமல், காய்ச்சல்" என்று மட்டும் சொன்னார். இன்னொருவர், "இருமல்" என்று சொல்லி, காசநோய் என்று காட்டும் சளிப் பரிசோதனைச் சீட்டையும் நீட்டினார். கடைக்காரர்களுக்கு வந்தவர் நடிகர் என்று தெரியாது. இப்படி 1200 தடவை நடந்தது.

வெறும் இருமல் என்று சொன்னவர்களில் எத்தனை பேருக்கு, "ஆன்டிபயாடிக் வேண்டாம், ஸ்டீராய்டு வேண்டாம், டாக்டரிடம் போங்கள்" என்ற சரியான பதில் கிடைத்தது தெரியுமா? நூற்றுக்கு 13! நூற்றுக்கு 37 பேருக்கு டாக்டர் சீட்டே இல்லாமல் ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். அதே கடைகளில் சளிப் பரிசோதனைச் சீட்டைக் காட்டியபோது சரியான பதில் நூற்றுக்கு 62 ஆக உயர்ந்தது. ஆன்டிபயாடிக் 16 ஆகக் குறைந்தது. இன்னொன்றையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். ஒரு கடைகூட காசநோய்க்கென உள்ள முதல்நிலை மாத்திரைகளைத் தூக்கிக் கொடுக்கவில்லை.

இதிலிருந்து என்ன தெரிகிறது? கடைக்காரருக்குக் காசநோய் என்றால் பயம் இருக்கிறது, பொறுப்பும் இருக்கிறது. 'இது காசநோய்' என்று எழுதிய காகிதம் எதிரே வந்தால் அவர் கை தானாகப் பின்வாங்குகிறது. காகிதம் இல்லாமல் வெறும் இருமலாக வந்தால் அது அவருக்கு நோயாகத் தெரியவில்லை. வியாபாரமாகத் தெரிகிறது! ஆனால் பாய்மார்களே, நோயாளி முதல் தடவை உங்கள் படியேறும்போது கையில் எந்தக் காகிதமும் இருக்காதே! அந்தக் காகிதத்தை வாங்கிவரச் சொல்ல வேண்டியவரே நீங்கள்தானே!

சில கடைக்காரர்களிடம் நேரில் போய் இதைக் கேட்டேன். ஒருவர் சொன்னார்: "ஹஜ்ரத், நான் டாக்டரிடம் போ என்று சொன்னால் அவன் டாக்டரிடம் போக மாட்டான், பக்கத்துக் கடைக்குப் போவான். எனக்கும் நஷ்டம், அவனுக்கும் பிரயோஜனம் இல்லை."

இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கடை வாடகை, கரண்ட் பில், ஆன்லைனில் தள்ளுபடி விலைக்கு மருந்து விற்கிறவர்களோடு போட்டி, எல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் நான் அவரிடம் கேட்டேன்: "பாய், பக்கத்துக் கடையில் கலப்படச் சரக்கு விற்கிறான் என்று நீங்களும் விற்பீர்களா?" அவர் பதில் சொல்லவில்லை. சிரப் விற்க வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. இருமலோடு வருகிறவனிடம், "எத்தனை நாளாக இருமல்?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். இரண்டு வாரம் தாண்டியிருந்தால், மாலைக் காய்ச்சல் இருந்தால், உடம்பு இளைத்திருந்தால், சளியில் இரத்தம் வந்திருந்தால் ஆன்டிபயாடிக்கை எடுக்காமல் சளிப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். போகும் இடத்தையும் சொல்லி அனுப்புங்கள். இதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? சில்லறை எண்ணுகிற நேரம்!

'ஒரு ஆன்டிபயாடிக்தானே, என்ன கெட்டுவிடும்' என்று நினைக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். இருமலுக்கு நீங்கள் எடுத்துக் கொடுக்கும் லீவோஃப்ளாக்சசின் காசநோய்க் கிருமியைக் கொஞ்சம் அடக்கும், ஒழிக்காது. காய்ச்சல் இறங்கும், பசி எடுக்கும், நோய் உள்ளே மறைந்து நிற்கும். கண்டுபிடிப்பது வாரக்கணக்கில் தள்ளிப்போகும். அதற்குள் அந்த மருந்துக்குக் கிருமி பழகியும் போகலாம். சாதாரண மாத்திரைகளுக்கு அடங்காத காசநோய்க்கு டாக்டர்கள் கையில் வைத்திருக்கும் மருந்துகளில் அதுவும் அதன் உறவு மருந்துகளும்தான் முக்கியமானவை. நாளைய ஆயுதத்தை இன்று இருமலுக்கு விற்கிறீர்கள். ஸ்டீராய்டோ இன்னும் மோசம். உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே தூங்கவைத்துவிட்டு நோயாளியைச் சிரிக்க வைக்கும். அந்தப் பிள்ளை நாலு நாள் சிரித்தானே, அந்தச் சிரிப்பு!

சட்டமும் இருக்கிறது. மருந்துச் சட்டத்தில் எச்-1 அட்டவணை என்று ஒன்று 2014 மார்ச் முதல் நடைமுறையில் உள்ளது. காசநோய் மருந்துகளும் லீவோஃப்ளாக்சசினும் அதில் அடங்கும். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். 2018 மார்ச் அரசாணைப்படி காசநோய் மருந்து வாங்குகிறவரின் விவரத்தை மருந்துக்கடை அரசுக்குத் தெரிவிக்கவும் வேண்டும். உங்கள் கடையில் அந்தப் பதிவேடு இருக்கிறதா? இருக்கிறது என்றால் கடைசியாக எப்போது எழுதினீர்கள்?

இன்னொரு அசிங்கத்தையும் சொல்லிவிடுகிறேன், கோபித்தாலும் சரி. பார்மசிப் படிப்பு முடித்த ஒருவரின் சர்டிபிகேட்டை மாத வாடகைக்கு வாங்கிச் சுவரில் மாட்டிவிட்டு, கவுண்டரில் மச்சினன் பிள்ளையை நிறுத்துகிற கடைகள் நம் தெருக்களில் இல்லையா? 1948-ம் ஆண்டுப் பார்மசிச் சட்டத்தின் 42-ம் பிரிவு, பதிவுபெற்ற மருந்தாளுநர் அல்லாதவர் மருந்து கொடுப்பதைக் குற்றம் என்கிறது. அந்தப் பையனுக்கு மாத்திரையின் நிறம் தெரியும், விலை தெரியும். இருமலின் வயதைக் கேட்க யார் கற்றுக்கொடுத்தார்கள்? படித்த மருந்தாளுநர் வீட்டில் உட்கார்ந்து வாடகை வாங்குகிறார். சமுதாயம் தன் பிள்ளையை டி.பார்ம், பி.பார்ம் படிக்க வைத்தது சுவரில் தொங்கவா?

விசாவும் ஒளிவுமறைவும்

இளைஞர்களே, உங்களிடமும் வருகிறேன். நீங்கள் ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் மெடிக்கலோடு நிறுத்திக்கொள்கிறீர்கள்? சொல்லவா? வளைகுடா! டி.பி. என்று சீட்டில் எழுதிவிட்டால் மெடிக்கலில் அன்ஃபிட் ஆகிவிடும் என்று பயம். பயத்தில் அர்த்தமில்லாமல் இல்லை. நெஞ்சு எக்ஸ்ரேயில் பழைய தழும்பு தெரிந்தாலே திருப்பி அனுப்புகிற நாடுகள் உண்டு. ஆனால் தழும்பு எங்கிருந்து வருகிறது? மறைத்து மறைத்து வைத்து, நுரையீரலை நோய் தின்ன விட்டதால் வருகிறது. சீக்கிரம் கண்டுபிடித்துச் சீக்கிரம் மருந்து சாப்பிட்டவனுக்குச் சேதம் குறைவு. விசாவைக் காப்பாற்ற நினைத்து ஒளித்தவன்தான் விசாவையும் இழக்கிறான், அறையில் கூடப் படுத்திருந்த ஏழு பேருக்கும் கொடுத்துவிட்டுப் போகிறான்.

அந்த அறையின் முதலாளிமார்களுக்கும் ஒரு வார்த்தை. வேலைப் பையன் சளிப் பரிசோதனைக்குப் போகும் அரை நாளுக்குக் கூலியைப் பிடிக்காதீர்கள். சிகிச்சையில் இருப்பவனை வேலையைவிட்டு நிறுத்தாதீர்கள். சாதாரணக் காசநோய்க்கு ஒழுங்காக மருந்து ஆரம்பித்துச் சில வாரங்களில் அவனிடமிருந்து பிறருக்குத் தொற்றுவது பெரிதும் அடங்கிவிடும். டாக்டர் சொல்லும் வரை ஓய்வு கொடுங்கள், பிறகு அழைத்துக்கொள்ளுங்கள்.

வாசலில் நிற்கும் அம்மா

இனி இரண்டாமவர். முதலில் ஒரு பழைய கதை. நம் சென்னையின் கதை, ஆனால் நமக்கே தெரியாத கதை.

1950-களில் காசநோய் என்றால் ஊருக்கு வெளியே சானடோரியத்தில் மாதக்கணக்கில் கிடக்க வேண்டும். படுக்கையோ கொஞ்சம், நோயாளிகளோ இலட்சக்கணக்கில். 1956-ல் சென்னையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் எல்லாம் சேர்ந்து ஒரு மையம் தொடங்கின. இப்போது சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதுதான். சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேரை எடுத்து, ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும் மற்றவர்களை அவரவர் குடிசையிலும் வைத்து ஓராண்டு வைத்தியம் செய்தார்கள். 1959-ல் முடிவு வெளியானது. குடிசையில் அரைவயிறு சாப்பிட்டு வைத்தியம் செய்துகொண்டவர்கள், சானடோரியத்தில் பாலும் முட்டையுமாக இருந்தவர்களுக்கு ஏறக்குறைய சமமாகக் குணமடைந்திருந்தார்கள். வீட்டில் நோயாளி இருந்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. உலகம் முழுவதும் சானடோரியங்களின் கதவு மூட இந்த ஆய்வு ஒரு பெரிய காரணம்.

குடிசையில் எப்படி அது நடந்தது? மருந்து தானாகவா வாய்க்குள் போனது? இல்லை! வீடு தேடிப் போனார்கள். சொல்லாமல் திடீரென்று போய் மீதி மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள், விசாரித்தார்கள். இன்று உலகமெங்கும் காசநோய்க்கு நடக்கும் வீட்டுச் சிகிச்சைக்கு அஸ்திவாரம் போட்டவர்களில் சென்னைத் தெருக்களில் நடந்த அந்தப் பணியாளர்களும் உண்டு.

அவர்களுடைய வாரிசுகள்தான் இன்று நம் வாசலில் நிற்கிறார்கள். வட மாநிலங்களில் ஆஷா என்பார்கள். இங்கே கிராம சுகாதாரச் செவிலியர், காசநோய்ப் பிரிவின் களப்பணியாளர், 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் தன்னார்வலர் என்று பல பெயர்.

அவர்களை நாம் எப்படி வரவேற்கிறோம்? ஒரு சகோதரர் என்னிடம் வந்து, "ஹஜ்ரத், அந்த நர்ஸம்மா வண்டியை எங்க வீட்டு வாசலில் நிறுத்த வேண்டாம்னு நீங்க சொல்லக் கூடாதா? பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கிட்டிருக்கோம்" என்றார். வீட்டில் நோயாளி அவருடைய மனைவி. இரண்டாவது மாதம் முடிந்து இருமல் நின்றுவிட்டது. 'குணமாகிவிட்டது' என்று மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். இருமல் நின்றது கிருமி செத்ததால் அல்ல, குறைந்ததால். மிச்சமிருக்கும் கிருமிக்குத்தான் அடுத்த நாலு மாத மாத்திரை. பாதியில் விட்டால் நோய் திரும்பி வரும், பழைய மாத்திரைக்கு அடங்காததாகவும் வரலாம். அதைத் தடுக்கத்தான் அந்த அம்மா வெயிலில் வண்டி ஓட்டி வருகிறார். அவரைப் பார்த்தால் மாப்பிள்ளை வீட்டார் ஓடுவார்களாம்! தாயைப் பறிகொடுத்த வீட்டுக்கு மட்டும் ஓடி வருவார்களோ?

நான் அந்த அம்மாவிடம் பேசினேன். அவர் ஒரு சத்தமும் போடாமல், "நான் தெருமுனையிலேயே வண்டியை விட்டுட்டு நடந்து வர்றேங்க, அவங்க கதவைத் திறந்தா போதும்" என்றார். வெட்கமாக இருந்தது.

இந்த வேலைக்கு நாடு கொடுக்கும் மரியாதையைப் பாருங்கள். சாதாரணக் காசநோயாளி ஒருவரைக் கடைசி மாத்திரை வரை சாப்பிட வைத்த துணையாளருக்குத் தேசியத் திட்டம் பல ஆண்டுகளாக வைத்திருந்த தொகை 1000 ரூபாய். மாதத்துக்கு அல்ல, ஆறு மாதத்துக்கு! ஒரு நாளைக்கு ஆறு ரூபாய்கூடத் தேறாது. ஒரு டீயின் விலைகூட இல்லை. இதை வைத்துக்கொண்டு 2025-ல் ஒழிக்கப் புறப்பட்டார்கள்! 2024 மார்ச்சில் மாத்திரையே தட்டுப்பாடு. உள்ளூரில் வாங்கிச் சமாளியுங்கள் என்று மத்திய அரசு மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. ஆறு மாதம் ஒரு நாளும் விடாதே என்று நோயாளிக்கு உபதேசம், அலமாரியில் மாத்திரை இல்லை! அந்த நாட்களில் நோயாளியின் கோபத்தை வாங்கிக் கட்டிக்கொண்டது டெல்லியில் கடிதம் எழுதிய அதிகாரியா? வாசலில் நின்ற அந்த அம்மாதான்.

அதே சமயம் நன்றாக நடப்பதை மறைப்பதும் நேர்மை அல்ல. 2022 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' என்று ஒன்றைத் தொடங்கியது. காசநோய் மரணங்களில் பெரும்பகுதி மருந்து ஆரம்பித்த முதல் இரண்டு மாதங்களுக்குள் நடக்கிறது என்று கண்டார்கள். ஆகவே நோய் உறுதியானவுடனே களப்பணியாளர் ஐந்தே விஷயங்களைப் பார்க்கிறார். உயரத்துக்கேற்ற எடை இருக்கிறதா, காலில் வீக்கமா, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, ஆக்சிஜன் எவ்வளவு, பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா? ஆபத்து என்றால் வீட்டுக்கு அனுப்பாமல் உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. எடைமெஷின், விரலில் மாட்டும் கருவி, கவனிக்கும் மனசு, அவ்வளவுதான். நம் பிள்ளையையும் அப்படித்தான் சேர்த்தார்கள். அங்கு போய்ச் சேருவதற்குள் அவனிடம் 38 கிலோதான் மிச்சமிருந்தது. அவர்கள் மேல் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர்களுக்கு நாம் கொடுத்தது ஒன்பது நாள். தெருமுனைக் கவுண்டருக்குக் கொடுத்தது இரண்டு மாதம்.

மாத்திரை, சோறு, நோன்பு

வியாபாரிகளே, உங்களில் சர்க்கரை இல்லாதவர் எத்தனை பேர்? கையைத் தூக்கச் சொன்னால் கூட்டத்தில் நாலு கை எழும்பாது. சர்க்கரை இருந்தால் காசநோய் வரும் வாய்ப்பு இரண்டு, மூன்று மடங்கு கூடும். பீடி, சிகரெட் பிடித்தால் இரண்டு மடங்கு. சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வந்து கொடுக்கிற தன்னார்வலரிடம் இருமலையும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். இதில் என்ன கௌரவக் குறைச்சல்?

சாப்பாடு இன்னொரு மருந்து. ஜார்க்கண்டில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2023 ஆகஸ்டில் வெளிவந்தது. நோயாளியின் வீட்டார் பத்தாயிரம் பேருக்கு மேல் அதில் இருந்தார்கள். ஒரு பகுதி வீடுகளில் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது நூற்றுக்கு 39 பங்கு குறைந்தது. அரிசியும் பருப்பும்! நோயாளிக்கு மத்திய அரசு 2018 ஏப்ரல் முதல் மாதம் 500 ரூபாயும், 2024 நவம்பர் முதல் 1000 ரூபாயும் கொடுக்கிறது. போதுமா? ரமளானில் கிட் கட்டிக் கொடுத்து போட்டோ எடுக்கிறோமே, அந்தக் கிட்டில் சிலவற்றை ஆறு மாதம் தொடர்ந்து, போட்டோ இல்லாமல், சிகிச்சையில் இருக்கும் வீடுகளுக்கு அனுப்ப முடியாதா? எந்த வீடு என்று களப்பணியாளர் அம்மாவுக்குத் தெரியும். பெயர் கேட்காதீர்கள். மூட்டையை அவரிடம் கொடுங்கள்.

ரமளான் என்றதும் நினைவுக்கு வருகிறது. நோன்பு மாதத்தில் மாத்திரையை விடுகிறவர்கள் இருக்கிறார்கள். என்னிடம் மஸ்அலா கேட்டு வருகிறார்கள். நோயாளிக்கு நோன்பில் சலுகை இருக்கிறது, பிறகு கழா செய்துகொள்ளலாம். இதை மறைத்து, 'ஈமான் இருந்தால் நோன்பு வை' என்று மிரட்டுகிறவர் மார்க்கம் சொல்லவில்லை. டாக்டர் சம்மதித்து நோன்பு வைப்பவரும் மாத்திரையை ஒரு நாளும் விட வேண்டியதில்லை. அது ஒரு நாளைக்கு ஒரே வேளை மாத்திரை. சஹர் நேரத்திலா, இஃப்தாருக்குப் பிறகா, வயிறு எப்படி இருக்க வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டு அதே நேரத்தில் தவறாமல் சாப்பிடலாம். சிறுநீர் சிவந்து போகிறதே, ஒளுவுக்குப் பாதகமா என்று ஒருவர் கேட்டார். ரிஃபாம்பிசின் மாத்திரையின் சாயம் அது, இரத்தம் அல்ல. பயந்து நிறுத்திவிடாதீர்கள்.

கடைக்காரர்களிடம் முடிக்கிறேன். 'எனக்கு என்ன லாபம்' என்று கேட்பவருக்கும் பதில் இருக்கிறது. நீங்கள் அனுப்பியவருக்குக் காசநோய் உறுதியானால் தகவல் தந்தவருக்கு 500 ரூபாய் ஊக்கத்தொகை திட்டத்திலேயே வைத்திருக்கிறார்கள். நீங்கள் விற்கும் சிரப்பில் எத்தனை பாட்டிலுக்கு இந்த லாபம் வரும் என்று உங்களுக்குத்தான் தெரியும். எங்கே அனுப்புவது என்று சந்தேகம் வந்தால் 104-க்குப் போன் போடலாம். காசநோய்த் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800-11-6666. இரண்டையும் ஒரு அட்டையில் எழுதிக் கவுண்டரில் ஒட்டுங்கள். கடன் சொல்லாதீர்கள் என்று ஒட்டியிருக்கிறீர்களே, அதன் பக்கத்தில்.

நம் மஹல்லாவில் உள்ள மெடிக்கல்கள் ஒவ்வொன்றிலும் நானும் இளைஞர் அணியினரும் ஏறி இறங்கப் போகிறோம். வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசல் முற்றத்தில் கடைக்காரர்களையும் அந்தக் களப்பணியாளர் அம்மாவையும் நேருக்கு நேர் உட்கார வைக்க ஜமாஅத் ஒப்புக்கொண்டிருக்கிறது. அவருக்கு நாற்காலி போடுவது என் பொறுப்பு. பாய்மார்களே, நீங்கள் வரும்போது மறக்காமல் உங்கள் கடையின் எச்-1 பதிவேட்டைக் கையோடு எடுத்து வாருங்கள்.